வாங்கும்போது சிவப்பு, வீட்டுக்கு வந்ததும் பச்சை... குரோட்டன்ஸ் நிறம் மங்குவது ஏன்?

வெயில், தண்ணீர், உரம், பதியன், குழந்தைகள் பாதுகாப்பு... சென்னைப் புறநகர் வீடுகளுக்கு ஏற்ற முழுமையான குரோட்டன்ஸ் வழிகாட்டி!

கள்ளிக்குப்பம் என்ற பெயரிலேயே ஒரு செடி இருக்கிறது. அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் செல்லும் வழியில் உள்ள இந்தப் பகுதி, 2011-ல் அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. தனி வீடுகள், மூன்று மாடி அப்பார்ட்மென்ட்டுகள், வாசல் கேட்டுக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் இரண்டடி இடம்... இதுதான் இன்று மேற்குப் புறநகரின் முகம். அந்த இரண்டடியில் கள்ளியைவிட அதிகம் கண்ணில் படுவது, கள்ளியின் உறவுக்காரச் செடி ஒன்று. அதுதான் குரோட்டன்ஸ்!

சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, கருஞ்சிவப்பு என ஒரே செடியில் நான்கைந்து நிறங்கள். பூக்காவிட்டாலும் வருடம் முழுக்க வாசல் கலர்ஃபுல்லாக இருக்கும். அதனால்தான் நர்சரிக்குப் போகிறவர்களின் கை முதலில் இதன் பக்கம் நீளுகிறது. ஆனால், வாங்கி வந்த இரண்டு மாதத்தில் பலரும் சொல்லும் புகார்கள் மூன்று. 'இலையெல்லாம் கொட்டிப்போச்சு', 'சிவப்பா இருந்தது பச்சையாயிடுச்சு', 'ஓரமெல்லாம் கருகுது'. மூன்றுக்கும் காரணம் உண்டு, மூன்றையும் சரிசெய்யவும் முடியும்.

கள்ளிக்கும் குரோட்டன்ஸுக்கும் என்ன உறவு?

சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் 'யூஃபோர்பியேசி' என்ற தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர், குப்பைமேனி ஆகியவையும் இதே குடும்பம்தான். கிளையை ஒடித்தால் பால் போன்ற சாறு வடிவது இந்தக் குடும்பத்தில் பலவற்றுக்கும் உள்ள குணம். குரோட்டன்ஸுக்கும் அது உண்டு. (முட்கள் நிறைந்த சப்பாத்திக்கள்ளி மட்டும் பெயரில்தான் கள்ளி. அது வேறு குடும்பம்.)

நாம் குரோட்டன்ஸ் என்று அழைக்கும் செடியின் தாவரவியல் பெயர் 'கோடியேயம் வேரிகேட்டம்'. 1753-ல் லின்னேயஸ் இதை 'குரோட்டன்' என்ற பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார். பிற்பாடு தாவரவியலாளர்கள் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால், மக்கள் வாயில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.

இந்தப் பெயர்க் குழப்பம் சாதாரணமானதல்ல. உண்மையான 'குரோட்டன்' இனத்தில் இருப்பது நேர்வாளம். சித்த மருத்துவத்தில் முறையாகச் சுத்தி செய்த பிறகே பயன்படுத்தப்படும், மிகக் கடுமையான பேதி மருந்து அது. ஆகவே, 'குரோட்டன் விதைக்கு மருத்துவ குணம் உண்டு' என்று எங்காவது படித்துவிட்டு, வாசல் செடியின் இலையையோ காயையோ யாரும் வாயில் வைத்துவிடக் கூடாது. இரண்டும் வெவ்வேறு செடிகள். வாசலில் உள்ளது அலங்காரத்துக்கு மட்டுமே!

தீவுகளிலிருந்து வந்த செடி

இந்தோனேசியாவின் மொலுக்கஸ் தீவுகள், நியூ கினி, வட ஆஸ்திரேலியா, மேற்கு பசிபிக் தீவுகள் ஆகியவை இதன் தாயகம். 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், லண்டனின் செல்சி பகுதியில் இருந்த வீட்ச் நர்சரி, பசிபிக் தீவுகளிலிருந்து பலவகை குரோட்டன்ஸ்களை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. குளிர் தேசத்தில் கண்ணாடி வீடு கட்டி, கரி எரித்துச் சூடேற்றி வளர்த்த செடி, நம்மூரில் கம்பி கேட் ஓரத்தில் தானாக வளர்கிறது. காரணம், அதற்குப் பிடித்த வெப்பமும் ஈரப்பதமும் இங்கே இயல்பாகவே இருப்பதுதான்.

இன்றும் ஜாவாவில் இதைக் கல்லறைத் தோட்டங்களில் நடுகிறார்கள். அங்கே இதன் பெயர் 'புரிங்'. பிலிப்பைன்ஸில் 'சான் பிரான்சிஸ்கோ' என்று ஊர்ப் பெயரையே செடிக்கு வைத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் ரயில் நிலையம், அரசு அலுவலகம், பள்ளி வளாகம் என எல்லா இடத்திலும் காவி அடித்த சிமென்ட் தொட்டிகளில் நின்று பழகிய முகம் இது. பூங்கொத்திலும் மேடை அலங்காரத்திலும் பூக்களுக்கு நடுவே செருகப்படும் வண்ண இலைகளிலும் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம்.

எந்த ரகம் வாங்கலாம்?

குரோட்டன்ஸில் நூற்றுக்கணக்கான ரகங்கள் உண்டு. இலையின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் அடையாளம் காண்பது எளிது.

* பெட்ரா: அகன்ற இலை. இளம் இலை பச்சையில் மஞ்சள் நரம்போடு வந்து, முதிர முதிர ஆரஞ்சு, சிவப்பு என்று மாறும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஏற்றது.
* கோல்டு டஸ்ட்: சிறிய பச்சை இலையில் மஞ்சள் பொடியைத் தூவியதுபோல புள்ளிகள். நெருக்கமாக நட்டு வேலிபோல வெட்டிவிடலாம்.
* மம்மி: நீளமான இலை லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். நிறம் அடர்த்தியாக இருக்கும்.
* ஜான்சிபார்: புல் போல மெல்லிய, நீளமான இலைகள். பால்கனித் தொட்டிக்கு அழகு.
* இன்டரப்டம்: இலை பாதியில் நின்று, நரம்பு மட்டும் நூல்போல நீண்டு, அதன் முனையில் ஒரு குட்டி இலை தொங்கும். பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கும் ரகம்.

நர்சரியில் செடியைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள். அடியிலிருந்தே இலை இருக்கிறதா, இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளைப் பஞ்சுபோல ஏதாவது ஒட்டியிருக்கிறதா, பையின் அடியில் வேர் சுற்றிக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசி இரண்டும் இருந்தால் வேறு செடியைக் கேளுங்கள். சென்னையில் விற்கும் அலங்காரச் செடிகளில் பல, ஆந்திராவில் ராஜமுந்திரி அருகே உள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. நெடுந்தூரப் பயணத்தில் ஏற்கெனவே களைத்துப்போன செடியை உடனே தொட்டி மாற்றாமல், ஒரு வாரம் அதே பையில் நிழலில் வைத்திருப்பது நல்லது.

இலை ஏன் கொட்டுகிறது?

இடம் மாறினால் இலையை உதிர்ப்பது குரோட்டன்ஸின் இயல்பு. நர்சரியில் பச்சை வலை நிழலில், தினமும் தண்ணீர் தெளிக்கப்பட்டு வளர்ந்த செடி அது. அதைக் கொண்டுவந்து நேராக மொட்டை மாடியில் வைத்தால், இலைகள் வெயிலில் வெந்துவிடும். வீட்டுக்குள் இருட்டு மூலையில் வைத்தாலும் கொட்டிவிடும்.

முதல் மூன்று நாள்கள் வெளிச்சமான நிழலில் வையுங்கள். அடுத்த வாரம் காலை 8 மணி வரையிலான வெயில். அதற்கடுத்த வாரம் 10 மணி வரை. இப்படிப் படிப்படியாகப் பழக்கினால் உதிர்வு குறையும். அப்படியும் நான்கைந்து அடி இலைகள் விழுந்தால் பதற வேண்டாம். நகத்தால் தண்டை லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. இந்த நேரத்தில் 'பாவம், வாடுதே' என்று இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலான செடிகளைக் கொன்றுவிடுகிறது. இலை குறைந்த செடிக்குத் தண்ணீர்த் தேவையும் குறைவு.

சிவப்பு ஏன் பச்சையாகிறது?

இலையில் மூன்று வகை நிறமிகள் இருக்கின்றன. பச்சைக்குப் பச்சையம், மஞ்சள் மற்றும் ஆரஞ்சுக்குக் கரோட்டினாய்டு, சிவப்பு மற்றும் ஊதாவுக்கு ஆந்தோசயனின். வெயில் நன்றாகப் படும்போது சிவப்பு நிறமி அதிகம் உருவாகிறது. நிழலில் வைத்தால், கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்து உணவு தயாரிக்க வேண்டிய கட்டாயம் செடிக்கு. அதனால் பச்சையத்தைக் கூட்டுகிறது. சிவப்பு மறைகிறது.

ஆகவே, நிறம் வேண்டும் என்றால் வெயில் வேண்டும். தினமும் 4 முதல் 6 மணி நேரம் காலை வெயில் கிடைக்கும் கிழக்குப் பார்த்த இடம் சிறந்தது. மேற்குப் பார்த்த பால்கனி என்றால் ஏப்ரல், மே மாதங்களில் கவனம் தேவை. பிற்பகல் வெயிலோடு, சூடேறிய சுவரின் அனலும் சேர்ந்து இலையைப் பொசுக்கிவிடும். அக்னி நட்சத்திர நாள்களில் மட்டும் தொட்டியைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, மேலே ஒரு பச்சை வலையோ பழைய பருத்திப் புடவையோ கட்டிவிட்டால் போதும்.

ஏற்கெனவே பச்சையான பழைய இலை பழைய நிறத்துக்கு முழுமையாகத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெயிலுக்கு மாற்றிய பிறகு வரும் புது இலைகளில்தான் நிறம் தெரியும். அதற்கு ஒன்றிரண்டு மாதம் பொறுக்க வேண்டும். தழைச்சத்து அதிகமுள்ள யூரியா போன்ற உரத்தை அள்ளிப்போட்டாலும் பச்சை கூடி, நிறம் மங்கும்.

ஓரம் ஏன் கருகுகிறது?

போர் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம். உப்பு அதிகமுள்ள தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றும்போது, தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்குகிறது. மண்ணின் மேல் வெள்ளைப் படலம், தொட்டி விளிம்பில் வெள்ளைக் கோடு, இலை நுனியில் பழுப்பு... இவை மூன்றும் சேர்ந்து தெரிந்தால் உப்புதான் பிரச்னை. குரோட்டன்ஸ் லேசான அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடி என்பதால் இது அதைச் சீக்கிரம் பாதிக்கும்.

செய்ய வேண்டியவை:

* ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தரை துடைக்கவும், கழிவறை கழுவவும் அதைப் பயன்படுத்தலாம்.
* ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. அதை ஒரு வாளியில் பிடித்து, போர் தண்ணீரோடு சரிபாதி கலந்து ஊற்றலாம்.
* மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரைத் தொட்டியின் அடித்துளை வழியாக வழிந்தோடும் அளவுக்கு ஊற்றி, தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள்.
* மழைக்காலத்தில் தொட்டிகளை மழையில் வைப்பது இலவசமான சிகிச்சை.

2019 ஜூனில் புழல், சோழவரம், பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, குடிக்கவே லாரிக்காகக் காத்திருந்த கோடையைச் சென்னை மறக்கவில்லை. அப்படியொரு நேரத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதா என்ற கேள்வி நியாயமானதே. தொட்டி மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலைச்சருகு, தேங்காய் நார் பரப்பினால் ஈரம் காப்பாற்றப்படும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரே ஐந்தாறு தொட்டிகளுக்குப் போதும். சோப்பு கலந்த தண்ணீர் மட்டும் வேண்டாம்.

விரலை மண்ணுக்குள் ஓர் அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுவதே சரியான கணக்கு. கோடையில் அது தினமும் ஒருமுறை, டிசம்பரில் வாரத்துக்கு இரண்டு முறை என்று தானாகவே மாறும்.

தொட்டியும் மண்ணும்

12 அங்குலத் தொட்டி ஒரு செடிக்கு இரண்டு வருடங்களுக்குப் போதும். அடியில் குறைந்தது மூன்று துளைகள் வேண்டும். செம்மண் ஒரு பங்கு, தென்னைநார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மட்கிய சாணம் ஒரு பங்கு என்று கலந்து நிரப்புங்கள். தென்னைநார்க்கழிவுக் கட்டியை அப்படியே பயன்படுத்தாமல், இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தால் அதில் உள்ள உப்பு வெளியேறிவிடும்.

45 நாள்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. டீத்தூள் போடுவதாக இருந்தால், சர்க்கரை போக நன்கு கழுவிக் காயவைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு வரும். எறும்பு வந்தால் அதன் பின்னாலேயே மாவுப்பூச்சியும் பெருகும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்புகள் அதைப் பாதுகாக்கின்றன.

மாவுப்பூச்சி, செதில் பூச்சி, கோடையில் சிவப்புச் சிலந்திப்பேன்... இந்த மூன்றும்தான் குரோட்டன்ஸின் முக்கிய எதிரிகள். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி குறைந்துவிடும். மீதிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலை நேரத்தில் தெளிக்கலாம். இலை பளபளக்க வேண்டும் என்று தேங்காயெண்ணெய் தடவுவது வேண்டாம். இலையின் நுண்துளைகள் அடைபடும், தூசியும் ஒட்டும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

ஒரு செடியை ஐந்தாக்கும் விண்பதியம்

குரோட்டன்ஸ் பூக்கும். குச்சிபோன்ற தண்டில் சின்னச் சின்னதாய், வெள்ளைப் பஞ்சுபோல இருப்பவை ஆண் பூக்கள். இதழே இல்லாமல் தனித் தண்டில் இருப்பவை பெண் பூக்கள். விதை பிடித்தாலும் அதில் வரும் கன்று தாய்ச்செடியைப் போல இருக்காது. அதனால்தான் நர்சரிகளில் பதியன் அல்லது தண்டு வழியாகவே பெருக்குகிறார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம்.

1. பென்சில் பருமனுள்ள, நிறம் நன்றாக உள்ள கிளையைத் தேர்ந்தெடுங்கள். நுனியிலிருந்து ஓரடி கீழே உள்ள இலைகளைக் கிள்ளுங்கள்.
2. சுத்தமான கத்தியால் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்தெடுங்கள். உள்ளே வழுவழுப்பாக உள்ள பச்சைப் படலத்தையும் சுரண்டிவிடுங்கள்.
3. நனைத்துப் பிழிந்த தென்னைநார்க்கழிவை ஒரு கைப்பிடி எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடி இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள்.
4. நான்கு முதல் ஆறு வாரங்களில் தாள் வழியாக வெள்ளை வேர்கள் தெரியும். வேருக்குக் கீழே வெட்டி, தாளை மட்டும் பிரித்துவிட்டுத் தொட்டியில் நடுங்கள். இரண்டு வாரம் நிழல் அவசியம்.

வெட்டிய இடத்துக்குக் கீழே தாய்ச்செடியில் புதுக்கிளைகள் வெடித்துச் செடி புதர்போல அடர்த்தியாகும். காற்றில் ஈரம் இருக்கும் ஜூலை முதல் நவம்பர் வரை இதற்கு ஏற்ற காலம். ஒரு வளர்ந்த செடியில் ஒரே நேரத்தில் மூன்று, நான்கு பதியன் போடலாம். மாடியில் சிறிய அளவில் கன்று விற்க நினைப்பவர்கள் தொடங்குவதும் இங்கேதான்.

குழந்தைகள் இருக்கும் வீடா? இதைப் படியுங்கள்

குரோட்டன்ஸின் இலை, பட்டை, வேர், பால் எதுவுமே உண்ணத் தகுந்தது அல்ல. மென்றால் வாயில் எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்படலாம். பால் தொடர்ந்து தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் சிலருக்கு வரும். துணியில் பட்டால் பழுப்புக் கறை எளிதில் போகாது.

தவழும் குழந்தை, நாய், பூனை உள்ள வீடுகளில் தொட்டியைத் தரையில் வைக்காமல் எட்டாத உயரத்தில் வையுங்கள். உதிர்ந்த இலைகளை அன்றன்றே எடுத்துவிடுங்கள். வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதீர்கள். குழந்தை இலையைத் தின்றுவிட்டால் வாயைத் துடைத்துக் கழுவி, மீதி இலையைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். நீங்களாக வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். அவசரத்துக்கு 108-ஐ அழைக்கலாம்.

இன்னொரு ஆபத்து செடியில் இல்லை, செடிக்கு அடியில் இருக்கும் தட்டில். அங்கே தேங்கும் தண்ணீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள்கள் போதும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்தும் கழுவ வேண்டும். ஈரம் காய்ந்த தட்டில்கூட இந்த முட்டைகள் பல மாதங்கள் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். முடிந்தால் தட்டே இல்லாமல், இரண்டு செங்கல் மேல் தொட்டியை வையுங்கள்.

காற்றைச் சுத்தமாக்குமா?

'வீட்டுக்குள் வைத்தால் விஷக்காற்றை உறிஞ்சும்' என்று விற்கப்படும் செடிகளின் பட்டியலில் குரோட்டன்ஸும் வந்துவிட்டது. இந்த நம்பிக்கைக்கு அடிப்படை, 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வு. அது காற்றுப் புகாத சிறிய அறைகளில் செடிகளை வைத்துச் செய்யப்பட்டது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் வரை வைக்க வேண்டியிருக்கும் என்று தெரியவந்தது. சுத்தமான காற்றுக்கு ஜன்னலைத் திறப்பதே நல்ல வழி. குரோட்டன்ஸை அதன் அழகுக்காக வாங்குங்கள்.

மழைக்காலத்தில் மறக்கக் கூடாதவை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர், கொரட்டூர் பகுதிகளில் தண்ணீர் தேங்கி நின்றது. அப்படி நாள்கணக்கில் மூழ்கும் தொட்டியில், காற்றில்லாமல் வேர் அழுகத் தொடங்கிவிடும். அக்டோபர் பிறந்ததுமே தரையில் உள்ள தொட்டிகளை உயரத்துக்கு மாற்றி, அடித்துளைகளில் குச்சியை விட்டு அடைப்பை நீக்கிவிடுங்கள். மூழ்கிய செடியைக் காப்பாற்ற, தொட்டியிலிருந்து மண்ணோடு வெளியே எடுத்து, கறுத்துக் கொழகொழவென இருக்கும் வேர்களை வெட்டி, புது மண்ணில் நட வேண்டும். மேலே உள்ள கிளைகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். புதுத்தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

ஒரு வருடத்துக்கான எளிய அட்டவணை

* பிப்ரவரி - மார்ச்: உயரமான கிளைகளை வெட்டிவிடுங்கள், மண்புழு உரம் போடுங்கள்.
* ஏப்ரல் - மே: பிற்பகல் நிழல், மண்ணின் மேல் மூடாக்கு, சிலந்திப்பேன் கண்காணிப்பு.
* ஜூன் - ஜூலை: தொட்டி மாற்றுதல், புதுச்செடி வாங்குதல்.
* ஜூலை - நவம்பர்: விண்பதியம்.
* அக்டோபர் - டிசம்பர்: வடிகால், கொசு, வேர் அழுகல் கவனம்.
* ஜனவரி: தண்ணீரைக் குறையுங்கள், காலை வெயில் முழுதாகப் படும் இடத்துக்கு மாற்றுங்கள்.

இந்த வாரக் கடைசியில் நர்சரிக்குப் போவதாக இருந்தால், புறப்படும் முன் ஒரு வேலை. செடியை வைக்கப்போகும் இடத்தில் காலையில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெயில் விழுகிறது என்று ஒருநாள் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் தேறினால் பெட்ராவோ மம்மியோ வாங்கலாம். அவ்வளவு வெயில் இல்லை என்றால் கோல்டு டஸ்ட் போதும். பச்சையும் மஞ்சளுமான அதன் இலை, குறைந்த வெளிச்சத்தையும் ஓரளவு தாங்கும்!